பகல்நேர மையத்துக்கும் பதிவு வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2 பிப்ரவரி 2025

தேவகோட்டைப் பக்கம் எங்கள் பழைய வீட்டு முகப்பில் ஒரு சின்ன மையம் நடத்துகிறேன். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள 11 பிள்ளைகள் வருகிறார்கள். காலை 10 மணிக்கு விட்டால் மாலை 3 மணிக்குக் கூட்டிப் போய்விடுவார்கள், யாரும் இரவு தங்குவதில்லை. இப்போது ஒருவர் வந்து, விதி எல்லாம் மாறிவிட்டது, பதிவு இல்லாவிட்டால் பூட்டச் சொல்வார்கள் என்கிறார். பதிவு என்பது தங்கும் இல்லங்களுக்குத்தானே? நான் வாங்குவது மாதம் முந்நூறு ரூபாய், அதுவும் முடிந்தவர்களிடம் மட்டும்.

பதில், 2 பிப்ரவரி, இரவு

தம்பி, தங்கினால்தான் பதிவு என்பது தப்பு. இந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம், இதே மாதிரி மையம் நடத்தும் நானும் மூன்று வருஷம் அப்படித்தான் இருந்தேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறுவனம் என்று எதைச் சொல்கிறது என்று பாருங்கள்: ஏற்றுக்கொள்வது, பராமரிப்பு, பாதுகாப்பு, கல்வி, பயிற்சி, மறுவாழ்வு என்று வரிசையாக அடுக்கி, மற்ற எந்தச் செயல்பாடாக இருந்தாலும் என்று முடிக்கிறது. இரவு தங்குவது பற்றி அங்கே பேச்சே இல்லை. நீங்கள் பயிற்சி கொடுக்கிறீர்கள், அதனால் நீங்களும் நிறுவனம்தான். 50ஆம் பிரிவு, பதிவுச் சான்று இல்லாமல் யாரும் நடத்தக் கூடாது என்கிறது. விதி இப்போது மாறவும் இல்லை. அந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது, நமக்குச் செய்தி வந்து சேர்ந்ததுதான் இப்போது.

பயப்படவும் வேண்டாம். விண்ணப்பம் கொடுத்தால் 90 நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது எழுத்தில் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். மறுப்பதற்கு முன் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டும், மேல்முறையீடும் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. மாதம் முந்நூறு வாங்கும் இடத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும்.

3 பிப்ரவரி

எந்த அலுவலகம் என்று எழுத விட்டுப்போனது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். மனநலத் துறை அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நான் முதல் தடவை விண்ணப்பக் கட்டோடு மனநலம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குத்தான் போனேன். அங்கே வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஏழு மாதம் கழித்து இது எங்களுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் என்பதற்குள் மனவளர்ச்சிக் குறைபாடு (இப்போது அறிவுசார் குறைபாடு என்கிறோமே, அதுதான்) வராது என்று எழுதியே வைத்திருக்கிறது. வாங்கியவருக்கும் அது தெரியவில்லை, கொடுத்த எனக்கும் தெரியவில்லை.

ஊரில் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். "அந்தப் புள்ளைய ஏர்வாடிக்குக் கூட்டிப் போனீங்களா" என்று என்னிடமே எத்தனை ஆச்சிமார் கேட்டிருக்கிறார்கள். மனநோய் தீரும் என்று தர்காவுக்குக் கூட்டிப் போகும் ஊர் அது, நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப் போனார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த நாள் பேப்பரை அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பா) என் கைக்குக் கிடைக்காமல் எடுத்து வைத்துவிட்டார்கள், நான் தேடி எடுத்துப் படித்தேன். அங்கிருந்தவர்கள் மனநோய் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள், நம் பிள்ளைகளின் விஷயம் வேறு, சட்டமும் வேறு. ஆனால் ஒரு கொட்டகை போட்டு ஆட்களைச் சேர்த்து வைக்க யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற நிலை எங்கே கொண்டு போய் விடும் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

5 பிப்ரவரி

கட்டடத்தைப் பற்றி. என்னிடம் கேட்டவை: கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, அறக்கட்டளைப் பத்திரம், மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு, பணியாளர் விவரம், பிள்ளைகளின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல். உங்களுக்கு ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம், முதலிலேயே பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடும் எங்கள் வீடு மாதிரி என்றால் சாய்தளம்தான் பெரிய வேலை. நம் முன்னோர்கள் வெள்ளத்துக்குப் பயந்தார்களோ கௌரவத்துக்குக் கட்டினார்களோ, தரையிலிருந்து மூன்றடி உயர்த்தித்தான் எல்லா வீடும். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும், அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். மூன்றடிக்கு 36 அடி! நேராகப் போட்டால் எங்களுக்குத் தெருவில் போய் முடியும். கடைசியில் பக்கவாட்டுச் சந்தில் இரண்டு மடிப்பாக, நடுவில் சக்கர நாற்காலி திரும்ப ஒரு மேடை வைத்து, மரத்தில் செய்தோம். வீட்டுக்காரர் ஆச்சி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆணி அடிக்கக் கூடாது என்ற ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்கள். அடிக்கவில்லை.

முகப்பைத் தாண்டி வளவுக்குள் (வீட்டின் உள்கட்டு) போக அந்த உயரமான நிலைப்படி இருக்கிறதே, அதையும் மறந்துவிடாதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர் பார்க்காமல் போகலாம். தினமும் அதைத் தாண்டுவது பிள்ளைகள்தான். அப்புறம் வானவாசலில், அதாவது நடுவில் திறந்த முற்றத்தில், மழை பெய்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும், ஓடுகிற பிள்ளை இருக்கிற இடத்தில் அந்த நாலு பக்கமும் கயிற்றுப்பாய் போட்டாக வேண்டும். இது எந்த விதியிலும் இல்லை, ஒரு பையனின் தாடையில் நாலு தையல் போட்ட பிறகு நானே வைத்துக்கொண்ட விதி.

அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஒரு மாதத்தில் தர வேண்டும்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

இன்று மையம் லீவு. ஒரு வாரத்துக்கு முன் காவடி குன்றக்குடிக்குப் போகிற நாளில் நடந்ததை எழுதத் தோன்றுகிறது. எங்களிடம் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான், வயது 9. மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான், குக்கர் விசிலுக்கு அழுவான். அவன் அம்மா அன்றைக்கு அவனை அனுப்பப் பயந்தார், தெருவில் மேளம் வரும் என்று. நானும் கதவைச் சாத்தி, பின்கட்டில் உட்கார வைக்கத்தான் நினைத்தேன். அவன் தானே எழுந்து முன்வாசலுக்கு வந்து, காதைப் பொத்தவே இல்லை, காவடி போகிற வரை தூணைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான். சத்தம் என்றால் எல்லாச் சத்தமும் ஒன்றில்லை அவனுக்கு. எப்போது அடங்கும் என்று தெரியாத சத்தம்தான் அவனை வாட்டுகிறது போல, தாளம் அடுத்து எங்கே விழும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆறு வருஷமாக அவனைப் பார்க்கிறேன், இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று போட்டிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு அவனைவிடப் புற உலகத்தை அவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. விண்ணப்பத்தில் அந்தச் சொல் இருந்தால் அப்படியே நிரப்பித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. உங்கள் மையத்துப் பலகையில் மட்டும் ஆட்டிசம் என்றே எழுதுங்கள்.

12 பிப்ரவரி

5ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு தப்பு. அட்டைக்கும் குறைபாட்டுச் சான்றுக்கும் ஒரு மாதம் என்று சொன்னேன், அது பழைய விதி. 2024 அக்டோபரில் திருத்தினார்கள், இப்போது மூன்று மாதம். அதோடு, இரண்டு வருஷத்துக்குள் மருத்துவர் முடிவு ஏதும் சொல்லாமல் கிடந்தால் நாமே திரும்ப விண்ணப்பிக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். இது சரியில்லை என்பேன். தாமதம் அவர்களுடையது, அலைச்சல் தாய்க்கு.

அட்டையின் நிறம் குறைபாட்டின் சதவீதத்தைப் பொறுத்தது: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டை வந்துவிட்டது, இனி உதவித்தொகை வரும் என்று ஒரு அப்பா லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அறிவுசார் குறைபாட்டுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 40 சதவீதம் வேண்டும். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். மறு மதிப்பீடு கேட்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ஆட்டிசத்துக்கு அளவிடும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன, அதை அவசர அவசரமாக முகாமில் பத்து நிமிஷத்தில் கேட்டுவிட்டுப் போனால் பேசுகிற பிள்ளை, சிரிக்கிற பிள்ளை எல்லாம் குறைந்த மதிப்பெண்ணில் போய் நிற்கும். பெற்றோரிடம் சொல்லி வையுங்கள், பிள்ளை நல்ல நாளில் எப்படி இருக்கிறான் என்று மட்டும் சொல்லக் கூடாது, கெட்ட நாளில் என்ன நடக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். தாய்மார்களுக்கு இது வராது. மருத்துவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் பேசுவார்கள்.

17 பிப்ரவரி

பதிவு பற்றி இரண்டாம் யோசனை. நேற்று புதுவயல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவரும் இன்னும் நாலு தாய்மாரும் வாரம் மூன்று நாள் ஒரு திண்ணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகுகிறார்கள். ஒருவர் பணியாரம் கொண்டுவருவார், ஒருவர் பாட்டுச் சொல்லித் தருவார். "எங்களுக்கும் பதிவு வேணுமா அக்கா?" என்றார். முதல் நாள் நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும், என் வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் படுவது இது, சட்டப் புத்தகத்தில் உள்ளதல்ல: தாய் கூடவே இருக்கும் வரை அது ஒரு கூட்டம், உறவு. எந்த நிமிஷம் தாய் பிள்ளையின் கையை நம் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாரோ, அந்த நிமிஷத்திலிருந்து நாம் நிறுவனம். பேசத் தெரியாத பிள்ளை, மாலையில் வீட்டுக்குப் போய் இன்று என்னை அடித்தார்கள் என்று சொல்ல முடியாத பிள்ளை. அவன் சார்பாகக் கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டும், அந்த உரிமைதான் பதிவு. அதிகாரிக்குப் பயந்து பதிவு செய்யச் சொல்லவில்லை தம்பி. என்னையும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

பதிவை ரத்து செய்தால் பிள்ளைகளைப் பெற்றோரிடமோ வேறு நிறுவனத்திடமோ ஒப்படைக்க உத்தரவிடவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிவே இல்லாத இடம் மூடினால் அந்தப் பிள்ளைகள் எந்தத் தாளிலும் இல்லை.

19 பிப்ரவரி

சிறப்பாசிரியருக்குப் பதிவு வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக. அனுபவம் இருக்கிறது, போதாதா என்றால் போதாது. சிறப்பாசிரியர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். அந்தக் குழுமத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எண்ணைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். உதவியாளர், ஆயாம்மா, வண்டி ஓட்டுபவர் இவர்களுக்கு அது வேண்டாம். ஆனால் எங்கள் மையத்தைத் தாங்குவது பள்ளத்தூரிலிருந்து வரும் ஆயாம்மாதான், எட்டாம் வகுப்பு, யார் எப்போது கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்வார். அவருக்குப் பணியாளர் பட்டியலில் நாலாவது பக்கத்தில்தான் இடம்.

22 பிப்ரவரி

பணம். இது நம் ஊருக்கே உரிய சிக்கல், விரிவாக எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து ஒரு ஆச்சி ஊருக்கு வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி, போனதும் 50,000 ரூபாய் அனுப்புகிறேன் என்றார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் பிறந்தவராக இருக்கலாம், நம் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாக (ஒரு குடும்பமாக) இருக்கலாம், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் தரும் பணம் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவு வேண்டும். பதிவு வேண்டுமென்றால் மூன்று வருஷமாவது நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 50), வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் கூடாது. பெரிய அமைப்பு வாங்கி நம் மாதிரிச் சின்ன மையங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வழியும் அதோடு அடைபட்டது.

அதுவே, சிங்கப்பூரில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை, தாராளமாக வாங்கலாம். அதனால் யார் பணம் தருகிறேன் என்றாலும் முதலில் பாஸ்போர்ட் நகல் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கொடுக்க வருகிறவரிடம் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பதா என்று. கேளுங்கள்.

ஆச்சிக்கு வருத்தம். "அந்தக் காலத்துல அங்க சம்பாதிச்சுத்தானே இந்த ஊரையே கட்டுனோம்" என்றார்கள். உண்மைதானே. இந்தப் பள்ளிக்கூடம், அந்த ஊருணி, நான் மையம் நடத்தும் இந்த வீடு எல்லாமே கடல் தாண்டி வந்த காசு. கள்ளப் பணத்தைத் தடுக்க விதி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், 15 லட்சம் என்ற வாசல்படி மட்டும் சின்ன இடங்களுக்கு அந்த மூன்றடி மேடையைவிட உயரம். இதற்கு ஒரு சாய்தளம் போட வேண்டும்.

2 மார்ச்

18 வயது முடிந்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன், நீங்களே இருவர் என்று எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் பாதுகாவலர் சான்று. பெற்ற தாய்தானே, அவரே பாதுகாவலர்தானே என்றால், 18 வயது வரைதான். அதற்குப் பிறகு தாய் கையெழுத்துக்கு வங்கியிலும் பதிவாளரிடமும் மதிப்பில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்கு வகையினருக்கும் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். ஆட்சியர், பதிவு பெற்ற ஓர் அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர், இந்த மூவர்தான் குழு. நியமனம் ஆனபின் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்கும் கொடுக்க வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஒரு லட்சம் வரை வருகிறது, பயிற்சிச் செலவும் அதில் அடக்கம். அதையும் சேர்த்தே எழுதிப் போடுங்கள்.

எங்களிடம் 34 வயதில் ஒருவர் இருக்கிறார். கொட்டான் (ஓலைக் கூடை) பின்னுவார், ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைப்பதிலிருந்து நிற ஓலை மாற்றிப் போடுவது வரை அவர் கைதான். கல்யாணமானால்தான் தனிப் புள்ளி என்பது நகரத்தார் வழக்கம், அதனால் அவர் அப்பச்சியின் புள்ளிக்குள்ளேயே இருந்தார். அப்பச்சி போன வருஷம் தவறிவிட்டார்கள். இப்போது அந்தப் பெரிய வீட்டை விற்கப் பங்காளிகள் 14 பேரும் சம்மதம், பதினைந்தாவது கையெழுத்து இவருடையது. அதுவரை பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத சித்தப்பா, வாரம் ஒரு தடவை இனிப்போடு வந்து விரலில் மை தடவத் தயாராக நிற்கிறார். ஆத்தா எங்களிடம் ஓடி வந்தார்கள். பாதுகாவலர் விண்ணப்பம் போட்டு, சான்று வந்த பிறகுதான் அந்த மைப்பெட்டி உள்ளே போனது.

3 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்தபோது, பாதுகாவலர் வந்துவிட்டால் எல்லாம் அவர் விருப்பம் என்பது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு, வேறு எந்தச் சட்டத்தில் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்தான் என்கிறது. அதாவது குறைபாடு உள்ளவரையும் கேட்டு, இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

அதனால் கொட்டான் பின்னுகிறவரிடம் நாங்கள் கேட்டோம். நாலைந்து சொல்தான் பேசுவார். வீட்டின் படங்களை எடுத்து அட்டையில் ஒட்டி முன்னால் பரப்பினோம்: முகப்பு, பட்டாலை, இரண்டாம் கட்டு, கிணறு, ஊஞ்சல். எது வேண்டும் என்றதும் ஊஞ்சல் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு விற்றால் ஊஞ்சல் அவருக்கு என்று இப்போது ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். பங்காளிகளில் ஒருவர், பழைய பர்மாத் தேக்கு, விலை போகுமே என்றார். ஆத்தா பதில் சொல்லவில்லை, மகன் முகத்தைப் பார்த்தார்கள், அந்தப் பங்காளியும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

10 மார்ச்

விண்ணப்பம் பிப்ரவரி 24 திங்கள்கிழமை கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். தேதி முத்திரையோடு ரசீது வாங்கினீர்களா? வாங்காவிட்டால் நாளைக்கே போய் வாங்குங்கள், எனக்கு ஏழு மாதம் போனது அந்த ஒரு முத்திரை இல்லாமல்தான். 90 நாள் மே 25இல் முடிகிறது, அன்று ஞாயிற்றுக்கிழமை. 26ஆம் தேதி காலையில் ரசீதோடு போய் நில்லுங்கள். திங்கள்கிழமை, மனு நாள்.

சாய்தளத்துக்கு எங்கள் தச்சரையே அனுப்புகிறேன், வியாழக்கிழமை வருவார். மூன்றடிதானா என்று நீங்களே ஒரு தடவை அளந்து வையுங்கள், சில வீடு மூன்றரை இருக்கும், அப்போது 42 அடி ஆகிவிடும். புதுவயல் தாய்மார்கள் திண்ணையில் இப்போது எட்டுப் பிள்ளைகள். இரண்டு தாய்மார் வேலைக்குப் போக ஆரம்பித்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்களாம். அவர்களுக்கும் நீங்கள் நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் ஒன்று அனுப்புங்கள்.